அந்த நான்கு மார்க்

லேத் (கடைசல் மிஷின்) பிராக்டிகல் தேர்வு. செய்முறை எழுதுவதற்கு 40, ஜாப்புக்கு, அதாவது கடைந்து தரும் பொருளுக்கு 40, வைவாவுக்கு, அதாவது வாய்மொழிக் கேள்விகளுக்கு 20. மற்றவர்கள் படம் வரைந்துகொண்டிருக்கும்போதே ஒரு மாணவன் ஜாப்பை முடித்துவிட்டான். கடைசி கட் எடுப்பதற்கு முன் மிஷினை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றான். என்ன பண்றே என்று கேட்டேன். "சூடா இருக்கு சார், இப்ப அளந்தா பெருசா காட்டும்." 25 மில்லிமீட்டர் எஃகுத் தண்டு, முப்பது டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.009 மில்லிமீட்டர் கூடும். இதை நான் பலகையில் கணக்காகப் போட்டுத்தான் நடத்துவேன், ஆறட்டும் என்று எந்த மாணவனும் காத்திருந்து நான் பார்த்ததில்லை. அவன் கல்லூரிக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் அப்ரண்டிஸாக இருந்தவன். மைக்ரோமீட்டரில் பார்த்தேன், 24.99.

அப்புறம் வைவா. ஸ்பீடை எப்படி முடிவு பண்ணினாய் என்றேன். "சத்தத்த வச்சுதான் சார். சேட்டர் அடிச்சா குறைப்பேன். சிப் நீலமா வந்தாலும் டூல் போயிடும்." சேட்டர் என்றால் டூல் அதிரும் சத்தம், சிப் என்றால் வெட்டி விழும் உலோகச் சுருள். ஃபார்முலா சொல் என்றேன். தெரியவில்லை. வெட்டுவேகத்தை ஆயிரத்தால் பெருக்கி, பையாலும் (π) விட்டத்தாலும் வகுக்க வேண்டும், அவ்வளவுதான், நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று வைத்தால் சுமார் 382 சுற்று வரும். அவனுக்கு வரவில்லை. 20க்கு 4 போட்டேன்.

போகும்போது கேட்டான், "ஜாப் சரியா இருக்கா சார்?" இருக்கு, ஆனா இது காலேஜ் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவனுக்கு மொத்தம் 54. பக்கத்து மிஷினில் இருந்தவன் 0.3 மில்லிமீட்டர் கூடுதலாகக் கடைந்து தள்ளிவிட்டான், அதை ஒட்டவைக்க முடியாது, குப்பைக்குத்தான் போகும். எழுத்தும் வைவாவும் சேர்ந்து அவனை 74க்குத் தூக்கிவிட்டன. இரண்டையும் கூட்டிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. நாளைக்கு அவன் கையில் மைல்ட் ஸ்டீலுக்குப் பதில் டைட்டானியத்தைக் கொடுத்தால் பழகிய சத்தம் எவ்வளவு தூரம் உதவும்? சிப் நீலமாக வரக்கூடாது என்பது ஹைஸ்பீட் ஸ்டீல் டூலுக்குச் சரி, அதைவிடச் சூடு தாங்கும் கார்பைடு டூலுக்கு நீலம் பெரிய குற்றமே இல்லை. பழகாத இடத்தில் கைகொடுக்கத்தானே ஃபார்முலா? இப்படிச் சொல்லிக்கொண்டு இரண்டு நாள் நிம்மதியாக இருப்பேன்.

அப்புறம் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த விஞ்ஞானி ஃபாரடே நினைவுக்கு வருவார். 1805ல், 14 வயதில், புத்தகம் பைண்டிங் செய்யும் இடத்தில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர், கணிதம் அதிகம் வராது. என் வைவாவில் அவருக்கும் நான்குதான் விழுந்திருக்கும். சரி, அவர் கண்டதைச் சமன்பாடாக்க மேக்ஸ்வெல் என்ற கணிதம் தெரிந்த இயற்பியலாளர் தேவைப்பட்டாரே என்றும் வாதாடலாம், வாதாடியிருக்கிறேன். ஆனால் மேக்ஸ்வெல்லுக்கு 74, ஃபாரடேவுக்கு 54 என்று யாராவது போடுவார்களா? மருத்துவத்தில் ஹவுஸ் சர்ஜன் காலத்தை யாரும் மட்டமாகப் பார்ப்பதில்லை, அதுவும் அப்ரண்டிஸ்தான். லேத் என்றால் மட்டும் நமக்கு ஏன் அது படிப்புக்கு வெளியே போய்விடுகிறது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 0.01க்குள் எனக்கே கடையவராது.

அடுத்த பேட்சில் ஒருத்தி, கேள்வியை முடிப்பதற்குள் 382 என்றாள். மிஷினில் அந்த ஸ்பீடு கிடையாது, கியரில் இருப்பது படிப்படியான வேகங்கள்தான். ஒன்று கூட, ஒன்று குறைச்சல். "எத வைக்கட்டும் சார்?"

குறைச்சலில் ஆரம்பி, சத்தத்தைக் கேட்டுப் பார்த்து ஏற்றிக்கொள் என்றேன்.

வைவாவில் அவளுக்கு 20க்கு 20 போட்டேன்.