அண்ணனின் பாசமிகு அடிவருடிகள்

சித்தப்பா பேத்தி காதணி விழாவுக்கு ஃபிளெக்ஸ் வந்து இறங்கிவிட்டது. 12-க்கு 8. மேலே பாண்டி முனி, நடுவில் பிள்ளை, பக்கத்தில் பிள்ளையைவிடப் பெரிதாக, கூலிங்கிளாஸோடு தாய்மாமன். கீழே வரிசையாக ஆறு தலைகள். அதற்கும் கீழே மஞ்சள் எழுத்தில்: "அண்ணனின் பாசமிகு அடிவருடிகள்".

பயலுகள் கேட்டது 'அடிப்பொடிகள்'. போனில் சொன்னதை டிசைன் போடும் தம்பி பாதிக் காதில் வாங்கி, 'அடி' வரைக்கும் சரியாக அடித்து, மிச்சத்தைத் தன் புலமையால் நிரப்பிவிட்டான். சரிபார்க்க வாட்ஸப்பில் வந்தபோது ஆறு பேரும் பார்த்தது அவனவன் மூஞ்சி உடைந்திருக்கிறதா என்பதை மட்டும். (உடையத்தான் செய்யும். சாதா போட்டோவாக அனுப்பினால் வாட்ஸப் அமுக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பணும். எத்தனை காதுகுத்துக்குத்தான் சொல்வது!)

அடிப்பொடி என்றால் காலடித் தூசி. திருவரங்கத்தில் நந்தவனம் வைத்து மாலை கட்டிய ஆழ்வார் பெருமாளின் காலடியைக்கூடக் கேட்கவில்லை, அவருடைய தொண்டர்களின் காலடித் தூசி போதும் என்று தொண்டரடிப்பொடி ஆனார். காரைக்குடியில் 1939-ல் கம்பன் கழகம் தொடங்கிய சா. கணேசன், கம்பன் அடிப்பொடி. தானே வைத்துக்கொண்டால் பணிவு, அடுத்தவன் வைத்தால் வசவு. அடிவருடிக்கு அந்தச் சலுகையும் கிடையாது. எவனும் தனக்கு வைத்துக்கொண்டதில்லை, இந்த ஆறு பேரைத் தவிர.

இந்த வரிசையில் மற்ற பெயர்களும் உண்டு. 'கையாள்' இடத்தைப் பொறுத்தது. பிளம்பரோடு வந்தால் ஸ்பானர் எடுத்துத் தந்து கூலி வாங்குகிறவன். பேப்பரில் ரவுடி பெயருக்குப் பின்னால் வந்தால் ஜாமீனுக்கு அலைகிறவன். எடுபிடி, 'எடு', 'பிடி' என்ற ரெண்டே ஏவலில் செய்த ஆள். எமகிங்கரனும் அந்த வகையறாதான்: வடமொழியில் கிங்கரன் என்றாலே 'என்ன செய்யட்டும்?' என்று நிற்பவன். அல்லக்கையை மட்டும் நம்ம பக்கம் நேரில் சொல்வதில்லை, ஆள் தெருமுனை திரும்பணும். ஜால்ராவைத் திட்டுவதுதான் அநியாயம். பஜனையில் தாளத்தைப் பிடித்து நிறுத்துவதே அது. அது தடுமாறினால் பாகவதரும் தடுமாறுவார்.

மறுபடி அடிக்க நேரமில்லை. 'தம்பிகள்' என்று வினைல் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டினார்கள். ஃபிளெக்ஸைக் கழற்றித் தரையில் விரித்து, தூசி துடைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தால் நிற்கும். இவன்கள் கட்டியிருந்தபடியே ஏணி போட்டு ஒட்டினான்கள். 10 மணி வெயிலுக்கு உப்பியது. மொய் எழுதும் நேரத்தில் வலது ஓரம் உரிந்து, "அண்ணனின் பாசமிகு தம்பிருடிகள்".

"எல்லாரும் எதுக்குடா சிரிக்கிறாய்ங்க?" என்றது அப்பத்தா.

ஆறில் கடைசிப் பயல்தான் மாட்டினான். "ஸ்டிக்கருக்கு அடியில அடிவருடின்னு இருக்கு அப்பத்தா. கால வருடுறவன்னு அர்த்தம்."

"நல்ல வேலதான. இங்கிட்டு வா. முட்டிக்குக் கீழ, மெதுவா."

கடைசிப் பந்தி இலை எடுக்கும்வரை அப்பத்தா கால் அவன் மடியில்தான் இருந்தது.