“நல்லா பேசணும்” என்பது இலக்கு ஆகாது

பேச்சு தாமதமாகிற பிள்ளைக்கு என்ன இலக்கு வைக்கலாம் என்று கேட்டால் வீட்டுக்காரர்கள் சொல்வது “நல்லா பேசணும்”. அது ஆசை. இலக்கு என்றால் ஒரு மாதம் கழித்து ‘வந்ததா, வரலையா’ என்று எண்ணிச் சொல்ல முடியவேண்டும்.

அதற்கு முன்னால் காதைப் பார்த்துவிடுங்கள். கூப்பிட்டால் திரும்புகிறான், டிவி சத்தம் கேட்டு ஓடி வருகிறான் என்பது போதாது. சில சுருதிகள் மட்டும் கேட்காத குழந்தையும் இதெல்லாம் செய்யும். பால்வாடிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் சொன்னால், வளர்ச்சி தாமதமாகிற பிள்ளைகளைக் கவனிக்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். “அவங்கப்பனே அஞ்சு வயசுலதான் பேசினான்” என்று பாட்டி சொல்வதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டாத குழந்தையையும், வந்த சொற்களை இழந்த குழந்தையையும் அந்த வாரமே கூட்டிப் போகவேண்டும். நாக்கில் வசம்பு தேய்த்துப் பேச்சு வராது. ஒரு வயதுக்குள் தேன் தடவுவது ஆபத்தே.

அடுத்து, இப்போது என்ன சொல்கிறாள் என்று ஒரு வாரம் எழுதுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, பால்வாடியில் தமிழ். எல்லா மொழிச் சொல்லையும் சேர்த்தே எண்ணவேண்டும். தமிழில் 15, தெலுங்கில் 20 என்றால் கணக்கு 35. இரண்டு மொழி பேசுவதால் பேச்சு தாமதமாவதில்லை, வீட்டு மொழியை நிறுத்தத் தேவையில்லை. மாட்டைப் பார்த்து எப்போதும் ‘மா’ என்றால் அதுவும் ஒரு சொல். இரண்டு வயதில் சுமார் 50 சொல்லும், ‘அம்மா வா’, ‘பால் தா’ மாதிரி இரண்டு சொல் சேர்ந்த பேச்சும் எதிர்பார்க்கிறோம். அதை வைத்து, இருக்கிற இடத்திலிருந்து ஒரு படி மட்டும் மேலே இலக்கு வையுங்கள். பத்தே சொல் உள்ள குழந்தைக்கு வாக்கியம் இலக்காகாது. மூன்று வயதில் ‘ழ’வும் ‘ற’வும் சரியாக வரவேண்டும் என்பதும் வேண்டாம், அவை தாமதமாகவே வரும்.

எழுதும் விதம் இப்படி: “பழம் தின்னும் நேரத்தில், டப்பாவைக் காட்டிக் காத்திருந்தால், யாரும் சொல்லித் தராமல் ‘தா’ என்று 10 வாய்ப்பில் 7 தடவை கேட்பாள், 6 வாரத்துக்குள்.” எங்கே, என்ன சொல், எவ்வளவு உதவி, எத்தனை தடவை, எப்போதுக்குள் என்ற ஐந்தும் அதில் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு இலக்குக்கு மேல் வேண்டாம்.

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் இதற்கு நல்ல காலம். பழத்தைச் சின்னத் துண்டுகளாக்கி, உள்ளே தெரிகிற டப்பாவில் போட்டு மூடுங்கள். ஒரு துண்டு கொடுங்கள். தின்று முடித்ததும் டப்பாவைக் கையில் வைத்து, முகத்தைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம், மூன்றாவது எண்ணிலேயே “சொல்லு, தா சொல்லு” என்று ஆரம்பித்துவிடுவார்கள். காத்திருந்தும் சொல் வரவில்லை என்றால் “மாம்பழமா, வாழைப்பழமா?” என்று கேளுங்கள். அதற்கும் இல்லை என்றால் “தா” என்று நீங்களே சொல்லித் துண்டைக் கொடுத்துவிடுங்கள். அழும்வரை பிடித்துவைத்தால் அடுத்த நாள் டப்பாவைப் பார்த்தாலே முகம் திருப்புவாள். ‘தா’ வந்துவிட்டால் “பழம் தா” என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லிக் கொடுங்கள். திருப்பிச் சொல்ல வற்புறுத்த வேண்டாம்.

நாள்காட்டித் தாளின் பின்பக்கம் போதும். வாரம் மூன்று நாள், பத்துப் பத்து வாய்ப்பு. தானாகச் சொன்னால் ஒரு கோடு, உதவியோடு சொன்னால் ஒரு புள்ளி. கோட்டை மட்டும் எண்ணுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து எண்ணி ‘எட்டு வந்துச்சு’ என்று மகிழ்ந்துவிட்டு, பால்வாடியில் வாயே திறக்கவில்லையே என்று குழம்புவது வழக்கம்.

இரண்டு வாரம் கழித்தும் மூன்று கோட்டுக்குக் கீழே என்றால் இலக்கு பெரிசு; கையை நீட்டிக் கேட்பது, ஏதாவது சத்தம் போட்டுக் கேட்பது என்று உடைத்து எழுதுங்கள். ஏழு கோடு வந்துவிட்டால் அதே சொல்லைப் பாட்டியிடமும் கடையிலும் கேட்கிறாளா பாருங்கள். அரூரிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ பஸ் ஏறி பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தத் தாள்களைக் கையோடு எடுத்துப் போங்கள், காது பரிசோதனைச் சீட்டையும் சேர்த்து.