ஏணியில் தொடங்கி லைட் போர்டு வரை

மேடை லைட் வேலைக்கு வர ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது கலரைப் பற்றித்தான். சோகக் காட்சிக்கு எந்த நீலம், கோபத்துக்கு எவ்வளவு சிவப்பு என்று. சென்னையில் சபா நாடகம், நவீன நாடகம், பரதநாட்டியம் என்று மாறி மாறி லைட் கட்டுகிற எங்களுக்குத் தெரிந்து, புதிதாக வந்தவரை அடுத்த ஷோவுக்கும் கூப்பிட வைப்பது அவர் போட்ட லோடு கணக்கும் இழுத்த கேபிளும்தான். ஏணி, கரண்ட், ஃபோகஸ், போர்டு என்ற இந்த வரிசையில்தான் எல்லோரும் ஏறி வருகிறார்கள். நடுவில் ஒரு படியைத் தாண்டினவர் என்றைக்காவது ஒரு ஷோ நடுவே மாட்டிக்கொள்வார்.

கணக்குக்கு ஒரு மாதிரி எடுத்துக்கொள்வோம். ஒன்றரை மணி நேர நாடகம். காலை 8 மணிக்கு அரங்கம் கைக்கு வரும், மாலை 7 மணிக்கு ஷோ. வாடகைக்கு எடுத்தவை: 1000 வாட் பார் லைட் (கற்றையின் விரிவு பல்பிலேயே அமைந்த விளக்கு) 12, 750 வாட் ப்ரொஃபைல் (லென்ஸ் வைத்துத் தெளிவான வட்டம் போடும் விளக்கு) 6, 150 வாட் எல்.ஈ.டி. பார் 8.

நாடகத்துக்கு ஒரு வாரம் முன்பே அரங்கத்தை நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். போனில் கேட்டால் "எல்லாம் இருக்கு சார், வாங்க" என்றுதான் பதில் வரும். பார்க்க வேண்டியது: த்ரீ ஃபேஸ் இணைப்பு எங்கே, எத்தனை ஆம்ப், அந்த அறையின் சாவி யாரிடம், லைட் தொங்கவிடும் பைப் எத்தனை, தரையிலிருந்து எவ்வளவு உயரம், ஏணி இருக்கிறதா, ஏணி விரியும் அளவுக்கு மேடையில் இடம் இருக்கிறதா. அரங்கத்து எலக்ட்ரீஷியன் அண்ணனோடு பத்து நிமிடம் நின்று பேசுங்கள். எந்த சாக்கெட் சூடாகும், எந்த எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) சும்மாவே விழும் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது, அவருக்குத் தெரியும்.

இனி லோடு. பார் லைட் 12,000 வாட், ப்ரொஃபைல் 4,500, எல்.ஈ.டி. 1,200. மொத்தம் 17,700 வாட். மூன்று ஃபேஸிலும் பிரித்தால் ஒன்றுக்குச் சுமார் 5,900. அதை 230 வோல்ட்டால் வகுத்தால் ஒரு ஃபேஸுக்கு 26 ஆம்ப் அளவில் வரும். 32 ஆம்ப் இணைப்பு இதைத் தாங்கும், ஆனால் மிச்சம் அதிகம் இல்லை. 63 ஆம்ப் கிடைத்தால் நிம்மதி. பிரிக்கும்போது ஒவ்வொரு ஃபேஸிலும் 4 பார், 2 ப்ரொஃபைல் என்று வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆறு சேனல் டிம்மர் ஒன்றை வையுங்கள். எல்.ஈ.டி.யை மூன்று, மூன்று, இரண்டு என்று போட்டுவிடலாம். எல்.ஈ.டி.யை டிம்மரில் சொருகவே கூடாது, மெயினிலிருந்து நேராகத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். டிம்மர் அலையை வெட்டிக் கொடுப்பதால் அதன் பவர் சப்ளை துடிக்கும், சில நாளில் செத்துப்போகும்.

சுவரில் இருக்கும் 15 ஆம்ப் பிளக்கில் எத்தனை பார் லைட் போடலாம் என்பது புதியவரிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி. ஒன்றுக்கு 4.35 ஆம்ப். மூன்று போட்டால் 13 ஆம்ப், சரி. நான்காவதைப் போட்டால் 17. எம்.சி.பி. உடனே விழாது என்பதுதான் இதில் ஆபத்து. இருபது நிமிடம் தாங்கும், பிளக் இளகும், இரண்டாவது காட்சியில் பாதி மேடை இருட்டாகும்.

கேபிளிலும் இதே கதைதான். 15 ஆம்ப் லைனுக்கு 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் காப்பர் வயர் போதும். ஆனால் சுருளாக இருக்கும் கேபிளில் முழு லோடு ஓட்டக் கூடாது. மிச்சம் 15 மீட்டர் இருக்கிறதே என்று ரோலோடு விங் (மேடையின் பக்கவாட்டு மறைவிடம்) மூலையில் போட்டுவிட்டால், உள்சுற்றுகளின் சூடு வெளியேற வழியில்லை. தொட்டால் மேல் சுற்று வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். உள்ளே பி.வி.சி. ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். மிச்சக் கேபிளைத் தரையில் பாம்புபோல வளைத்து விரித்துப் போடுங்கள், நடிகர் ஓடும் வழியை விட்டு.

நியூட்ரலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பொருளும் உயிரும் இங்கேதான் போகின்றன. த்ரீ ஃபேஸ் கட்டும்போது எர்த் முதலில், நியூட்ரல் இரண்டாவது, பிறகுதான் சிவப்பு, மஞ்சள், நீலம். கழற்றும்போது தலைகீழ். நியூட்ரல் ஸ்குரூ லூஸாக இருந்து ஷோ நடுவில் விட்டுப்போனால் லைட் எல்லாம் அணைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அணையாது. இரண்டு ஃபேஸுக்கு நடுவில் இருக்கும் 400 வோல்ட்டை அந்த இரண்டு பக்க லோடும் பங்கு போட்டுக்கொள்ளும். பார் லைட் எரியும் பக்கத்துக்குக் குறைவாகவும், இரண்டு எல்.ஈ.டி. மட்டும் ஓடும் பக்கத்துக்கு ஏறக்குறைய முழுவதுமாகவும் போகும். ஒரு பக்கம் விளக்கு மங்கி, மறுபக்கம் பளீரென்று ஏறினால் யோசிக்காமல் மெயினை இறக்குங்கள்.

அதனால் மெயின் கட்டியதும், ஒரு லைட்டைக்கூடப் போடும் முன், மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230-ஐ ஒட்டி, ஃபேஸுக்கு ஃபேஸ் 400-ஐ ஒட்டி, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் சில வோல்ட். கடைசி எண் ஐம்பது, அறுபது என்று காட்டினால் அரங்கத்து ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்யும் வரை தொடாதீர்கள். டெஸ்டர் எரிகிறது என்பது ஒரு சோதனையே அல்ல. டிம்மர் அதிகம் ஓடும் மேடையில் நியூட்ரலும் ஃபேஸ் அளவுக்குத் தடிமனாக இருக்க வேண்டும். மூன்று ஃபேஸும் சமமாக இருந்தால் நியூட்ரலில் கரண்ட் இருக்காது என்ற பாடப்புத்தகக் கணக்கு டிம்மருக்குச் செல்லாது. வெட்டிய அலைகளில் உண்டாகும் உயர் அதிர்வெண் கரண்ட்கள் (ஹார்மோனிக்ஸ்) நியூட்ரலில் ஒன்றுசேரும். ஷோ தொடங்கி அரை மணி கழித்து கிளாம்ப் மீட்டரை நியூட்ரல் வயரில் மாட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

ஏணிக்குப் போகலாம். மொபைல், சில்லறை, பேனா எல்லாம் கீழே. ஸ்பேனரைக் கயிறு போட்டு மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். ஏணியைப் பிடிக்க இரண்டு பேர், அடியில் வேறு யாரும் நிற்கக் கூடாது. லைட்டை மாட்டி, கிளாம்பைக் கையால் இறுக்கி, சேஃப்டி செயினைப் பைப்பையும் லைட்டின் கைப்பிடியையும் சேர்த்துச் சுற்றிப் பூட்டிய பிறகுதான் ஸ்பேனர். செயினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பிறகு என்ற ஒன்று வராது. சூடாகும் விளக்குக்கும் திரைத்துணிக்கும் நடுவே ஒரு மீட்டராவது விடுங்கள். ப்ரொஃபைலுக்கு ஹாலஜன் பல்பு மாற்றும்போது கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது. விரல் எண்ணெய் படிந்த இடம் சூடேறி வீங்கி வெடிக்கும்.

எங்கள் சபா அரங்குகளில் பெரிய தலைவலி முன் லைட். பல இடங்களில் பார்வையாளர் தலைக்கு மேல் பைப்பே கிடையாது. ஸ்டாண்டு போட்டுத்தான் அடிக்க வேண்டும். ஸ்டாண்டு உயரம் 3.5 மீட்டர். மேடை ஒரு மீட்டர், அதன்மேல் நடிகரின் முகம் ஒன்றரை மீட்டர், ஆக முகம் 2.5 மீட்டர் உயரத்தில். லைட் முகத்துக்கு மேலே ஒரே ஒரு மீட்டர்தான் இருக்கிறது. 8 மீட்டர் தள்ளி வைத்தால் கோணம் 7 டிகிரி. நடிகருக்கு 3 மீட்டர் பின்னால் திரை இருந்தால் அவருடைய தலையின் நிழல் 40 சென்டிமீட்டர்கூட இறங்காமல் அப்படியே திரையில் விழும். வரைந்த அரண்மனைச் சுவரில் ராஜா இரண்டு பேராகத் தெரிவார். 45 டிகிரி வேண்டுமானால் முகத்துக்கு 6 மீட்டர் மேலே, 6 மீட்டர் தள்ளி லைட் இருக்க வேண்டும். அது இல்லாத அரங்கில் ஸ்டாண்டுகளை நடுவில் வைக்காமல் இரண்டு ஓரங்களுக்குக் கொண்டுபோங்கள், நிழல் விங்குக்குள் போய் விழும். பால்கனி இருந்தால் அதன் முகப்புக்கு மாற்றுங்கள். இயக்குநரிடம் முன்கூட்டியே பேசி நடிப்பிடத்தைத் திரையிலிருந்து இரண்டு மீட்டருக்குக் குறையாமல் முன்னால் இழுக்கச் சொல்லுங்கள்.

எந்த ப்ரொஃபைல் எங்கே என்பதும் கணக்குதான். 10 மீட்டர் தூரத்தில் 19 டிகிரி லென்ஸ் 3.3 மீட்டர் வட்டம் போடும், 26 டிகிரி 4.6, 36 டிகிரி 6.5. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்காகும். பார் லைட் பல்பு வகைகளில் சி.பி. 60 ஒடுங்கிய கற்றை, சி.பி. 62 விரிந்தது. முன் லைட்டுக்கு 60-ஐப் போட்டுவிட்டு மேடையில் திட்டுத்திட்டாக இருக்கிறதே என்று கலரை மாற்றிக்கொண்டிருப்பது வழக்கமான தவறு.

ஃபோகஸ் செய்யும்போது ஒருவர் நடிகரின் இடத்தில் நின்று லைட்டையே பார்ப்பார். முகத்தில் சூடு எங்கே அதிகமாகப் படுகிறதோ அதுதான் கற்றையின் நடு. கீழிருந்து சொல்கிறவர் லைட்டைப் பார்க்காமல் நிற்பவரின் முகத்தையும் நிழலையும் பார்க்க வேண்டும். முன் லைட், பக்க லைட், பின் லைட், கடைசியில் தனி ஸ்பாட் என்ற வரிசையைக் கலைக்காதீர்கள். 26 லைட்டுக்கு ஒன்றுக்கு 4 நிமிடம் என்றால் ஒன்றே முக்கால் மணி. பாதியில் செட் ஆட்கள் சுத்தியலோடு வந்தால் அது மூன்று மணி ஆகும். யாருக்கு எப்போது மேடை என்று காலையிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது.

இப்போது கலர். லைட்டுக்கு முன்னால் செருகும் கலர்த் தாளான ஜெலட்டின் பேப்பரை எண்ணால் பேசப் பழகுங்கள். நம் மாநிறத்துக்கு லீ கம்பெனியின் 201 என்ற நீலத்தை முன்னாலிருந்து அடித்தால் முகம் சாம்பல் பூத்தது போலாகும். நீலம் பின்னாலும் பக்கத்திலும் இருக்கட்டும், முகத்துக்கு வெம்மையான சாயலுள்ள 103 அல்லது 152 கொடுங்கள். இரவுக் காட்சியிலும் அப்படித்தான். நீலத்தை மட்டும் கொட்டினால் அது இருட்டு, இரவு அல்ல. 119 போன்ற அடர் நீலம் வெளிச்சத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடும், அந்தச் சூட்டில் நடுவில் வெளுத்து ஓட்டையும் விழும். மாற்றுத்தாள் இரண்டு வெட்டி வைத்திருங்கள். வெள்ளை வேட்டி கட்டிய ஆள் மேடைக்கு வந்தால் முன் லைட்டைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும். இல்லையென்றால் வேட்டிதான் தெரியும், முகம் தெரியாது.

லைட்டின் எண்ணிக்கை குறைவு என்று யாரும் மனம் தளர வேண்டாம். 1959-ல் கொல்கத்தா மினர்வா தியேட்டரில் வங்க நாடக இயக்குநர் உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்துக்காகச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதை லைட் வடிவமைப்பாளர் தபஸ் சென் விளக்கொளியால் காட்டினார். கம்ப்யூட்டர் போர்டு எதுவும் இல்லாத காலம். நம் பக்கத்திலும் ஆர்.எஸ். மனோகரின் நாடகங்களுக்குத் தந்திரக் காட்சிகளுக்காகவே கூட்டம் வந்தது. அந்தக் காட்சிகளுக்குப் பின்னால் நின்ற கைகளின் பெயர்கள் பெரும்பாலும் எழுதப்படவில்லை என்பது உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

போர்டு என்பது எல்லா லைட்டையும் ஓரிடத்திலிருந்து இயக்கும் பெட்டி. அது லைட்டுகளுக்குக் கட்டளை அனுப்பும் முறை டி.எம்.எக்ஸ்., அதன் ஒரு லைனில் 512 சேனல். எல்.ஈ.டி. ஒன்றுக்கு 7 சேனல் என்றால் முதல் லைட்டின் முகவரி 1, அடுத்தது 8, பிறகு 15, 22. முகவரி வைக்கச் சின்னச் சின்ன டிப் ஸ்விட்ச் உள்ள லைட்டில் 22 வேண்டுமானால் 16, 4, 2 ஆகிய மூன்றையும், அதாவது 5, 3, 2-ஆம் ஸ்விட்ச்களை ஏற்றுங்கள். டிம்மர்களை 101, 107, 113 என்று தள்ளி வைத்துவிட்டால் பிறகு ஒரு எல்.ஈ.டி. கூடுதலாக வந்தாலும் குழப்பம் இல்லை. இரண்டு லைட் ஒன்றுபோல ஆடினால் ஒரே முகவரி. ஒரு லைட்டில் சிவப்பு கேட்டால் பச்சை வருகிறதா, முகவரி ஓரிரு எண் தள்ளிப்போயிருக்கிறது. சம்பந்தமில்லாமல் எல்லாம் மினுக்குகிறதா, கடைசி லைட்டில் டெர்மினேட்டர் இல்லை, அல்லது நடுவில் யாரோ மைக் கேபிளைச் சொருகியிருக்கிறார்கள். மைக் கேபிள் குறுகிய தூரத்தில் வேலை செய்வதுபோலவே நடிக்கும், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். டெர்மினேட்டர் என்பது பிளக்குக்குள் 2, 3-ஆம் பின்களுக்கு நடுவே பற்றவைத்த 120 ஓம் ரெசிஸ்டர், அவ்வளவுதான். லைனை ஒய் வடிவில் பிரிக்காதீர்கள், ஒன்றிலிருந்து ஒன்றாகத்தான் போக வேண்டும்.

லைட் எப்போது மாற வேண்டும் என்று எழுதும் க்யூ ஷீட்டில் எண்ணை 10, 20, 30 என்று இடைவெளி விட்டு எழுதுங்கள், ஒத்திகையில் நடுவே புதிதாக வந்துகொண்டே இருக்கும். பக்கம், எந்த வசனத்தின் எந்தச் சொல், ஏறும் நொடி, இறங்கும் நொடி. பிளாக்அவுட்டில் ஒரு சிக்கல் கட்டாயம் வரும்: எல்.ஈ.டி. சட்டென்று செத்துவிடும், 1000 வாட் பார் லைட்டின் இழை அரை நொடி சிவந்து அணையும். எல்.ஈ.டி.க்கு அரை நொடி இறக்கம் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து அணையும். அதேபோல இழை விளக்கு 30 சதவீதத்தில் மஞ்சளாகும், எல்.ஈ.டி. நிறம் மாறாது. மெதுவான விடியல் காட்சியில் இரண்டையும் கலந்தால் இந்த வித்தியாசம் கண்ணை உறுத்தும்.

படிப்பைப் பற்றி: ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் இரண்டு ஆண்டு படித்தவர் இந்தத் துறைக்கு வரும்போது பாதி வேலை முடிந்துவிடுகிறது. வயரிங் தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. வடிவமைப்பாளராக வேண்டும் என்றால் டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு, புதுச்சேரிப் பல்கலைக்கழக நிகழ்கலைத் துறை, திருச்சூர் ஸ்கூல் ஆஃப் டிராமா ஆகியவற்றைப் பாருங்கள். வருமானத்துக்கு நாடகத்தை மட்டும் நம்ப முடியாது. மார்கழியில் நாட்டியம், மற்ற மாதங்களில் கல்லூரி விழாக்கள், கம்பெனி நிகழ்ச்சிகள். நாட்டியத்தில் கற்ற பக்க லைட் நாடகத்துக்கு உதவும், ஆகவே அதை இரண்டாம் தர வேலை என்று நினைக்காதீர்கள்.

ஷோ முடிந்ததும் மெயினை இறக்கிவிட்டு, பார் லைட் ஆற கால் மணி நேரம் விடுங்கள். சூடான இழை ஒரு தட்டுக்கு அறுந்துவிடும். அதற்குள் தரைக் கேபிள்களை இயல்பான சுற்றிலேயே சுருட்டலாம், முழங்கையில் சுற்றினால் உள்கம்பி முறுக்கிக்கொள்ளும். ஜெலட்டின் தாள்களை எண் பார்த்து உறையில் போடுங்கள். மெயினைக் கழற்றும்போது முதலில் ஃபேஸ்கள், பிறகு நியூட்ரல், கடைசியில் எர்த். வண்டி ஏற்றும் முன் சேஃப்டி செயினை எண்ணுங்கள். 26 போனால் 26 வர வேண்டும். 25 இருந்தால் ஒன்று இன்னும் மேலே பைப்பில் தொங்குகிறது, ஏணியை மறுபடி விரியுங்கள்.