ஐந்தாவது டார்கெட்

25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் என்ற துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது என் வேலை. எதிரே ஐந்து டார்கெட்டுகள் வரிசையாக நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் தாழ்த்திய கையை உயர்த்தி, ஒவ்வொன்றிலும் ஒரு ஷாட் போட வேண்டும். ஐந்து ஷாட் சேர்ந்தது ஒரு சீரீஸ். ஐந்தையும் முடிக்க முதலில் 8 நொடி, அடுத்து 6, கடைசியில் 4.

அந்த 4 நொடி சீரீஸில்தான் ஒரு பையன் மாதக்கணக்கில் தடுமாறினான். வலமிருந்து இடமாகச் சுடுவான். முதல் இரண்டும் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வளையத்துக்குள் விழும். மூன்றாவது கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கும், நான்காவது இன்னும் ஒதுங்கும். ஐந்தாவது ஏழிலோ எட்டிலோ போய் நிற்கும், சில நாள் நேரம் முடிந்தபிறகே வெடிக்கும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் விஜய் குமார் வெள்ளி வாங்கிய இறுதிச் சுற்றை அவன் எத்தனை முறை பார்த்திருப்பான் என்று கணக்கே இல்லை. அந்தச் சுற்று முழுக்க 4 நொடி சீரீஸ்தான். 9.7 புள்ளிக்குக் கீழே விழுந்தால் அந்த ஷாட்டுக்கு ஒன்றுமே கிடையாது. 40 ஷாட்டில் 30 அடித்தார் அவர். "சார், எனக்கு அஞ்சாவதே வர மாட்டேங்குது" என்பான் இவன்.

நான் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: "வேகமா நகர்த்து தம்பி." முதல் ஷாட்டுக்கு ஒன்றரை நொடி போனால், மீதி நான்குக்கும் தலா அரை நொடிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். கடிகாரத்தைப் பார்த்தால் வேகம்தான் குறை என்று தோன்றும். அப்படித்தான் எனக்கும் தோன்றியது. அவன் வேகத்தைக் கூட்டக் கூட்ட மணிக்கட்டு முந்திக்கொண்டு திரும்பியது, குறிபார்க்கும் முன்முனையான ஃப்ரன்ட் சைட், பின்னால் உள்ள ரியர் சைட்டின் நடுவை விட்டு விலகியது. தவறான சொல்லை அவன் காதில் அத்தனை மாதம் போட்டவன் நான். இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

ஒரு நாள், ஷாட் விழுந்த இடத்தைக் காட்டும் மானிட்டரை விட்டுவிட்டு அவன் பின்னால் போய் நின்றேன். துப்பாக்கி காலி, அதைக் காட்டும் சேஃப்டி ஃபிளாக் மாட்டியிருந்தது. கண்ணை மூடிக் கையைத் தூக்கச் சொன்னேன். திறந்து பார்த்தால், கை முதல் டார்கெட்டுக்கு நேராக நின்றது. உடம்பு முழுவதும் முதல் டார்கெட்டுக்காகவே நிறுத்தப்பட்டிருந்தது. அங்கிருந்து ஐந்தாவது வரை போகும்போது இடுப்பு கயிறுபோல முறுக்கேறுகிறது. கடைசி ஷாட்டின்போது அந்த முறுக்கு கையை வலப்பக்கம் பின்னிழுக்கிறது. அதோடு மல்லுக்கட்டித்தான் நேரமும் போயிருக்கிறது.

டார்கெட்டுகளின் மையங்களுக்கு இடையே 75 சென்டிமீட்டர். 25 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் அது இரண்டு டிகிரிகூட வராது. இவ்வளவு சின்னத் திருப்பத்துக்கு மணிக்கட்டே போதும் என்று கை நினைத்துக்கொள்கிறது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் பூட்டியபடி இருக்க, திருப்பம் இடுப்புக்குக் கீழிருந்து வந்தால்தான் சைட் கலையாமல் போய்ச் சேரும்.

பின்னங்காலை இரண்டு விரற்கடை நகர்த்தினோம், அவ்வளவுதான். கை மூன்றாவது டார்கெட்டுக்கு நேராக வந்தது. இப்போது முதல் டார்கெட்டுக்குத்தான் கொஞ்சம் முறுக்கிக்கொள்ள வேண்டும். அங்கே அதற்கு நேரம் இருக்கிறது, அதற்கப்புறம் உடம்பு தானாகவே அவிழ்ந்து வரும்.

பிறகு இரண்டு வாரம் குண்டும் இல்லை, கடிகாரமும் இல்லை. வெறும் ட்ரை ஃபயரிங். கண் முதலில் அடுத்த டார்கெட்டுக்குப் போகும், துப்பாக்கி பின்னால் வரும். நகரும்போதே ட்ரிகரின் முதல் அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும். வந்து நின்றபிறகு விரலைத் தேடினால் தாமதம். நிற்பதற்கு முன்பே விட்டுவிட்டால் ஷாட் ஓரத்துக்குப் போகும். அந்த நிற்கும் கணத்தைக் கற்றுக்கொள்ளத்தான் இரண்டு வாரமும் சரியாக இருந்தது. என்னைக் கேட்டால், இதைக் கடிகாரத்தோடு கற்றுக்கொடுக்கவே கூடாது.

குண்டு போட்ட முதல் நாள் 8 நொடியில் மட்டும் சுட வைத்தேன். குண்டு நிரப்பிய மேகசினைக் கையில் எடுத்தவன் திரும்ப மேசைமேல் வைத்தான். கண்ணை மூடிக் காலித் துப்பாக்கியைத் தூக்கினான், திறந்தான், பின்னங்காலை ஒரு நூல் நகர்த்தினான். மறுபடி மூடித் தூக்கினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம்தான் மேகசினைப் போட்டான்.