இரத்தினபுரிப் பாதையால் சிவனொளிபாதம்

சிவனொளிபாதமலை உச்சியில் இருக்கும் பாதச்சுவட்டை நாங்கள் சிவனுடையது என்கிறோம், பௌத்தர்கள் புத்தருடையது என்கிறார்கள், முஸ்லிம்கள் ஆதாமுடையது என்கிறார்கள். கொழும்பிலிருந்து அந்த மலைக்குப் போகும் நம்மவர்களில் அநேகர் அட்டனுக்கு ரயில் ஏறி, நல்லதண்ணிப் பக்கமாகத்தான் ஏறுகிறார்கள். வயதானவர்களுக்கும் சிறுபிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் அதுவே சரி. ஆனால் முழங்காலில் தெம்பு இருக்கும்போதே ஒரு தடவையாவது இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழியாக ஏறிவிடுங்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். நல்லதண்ணியே ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உச்சி 2,243 மீற்றர். பலாபத்தலயோ தாழ்நிலத்தின் விளிம்பில் கிடக்கிறது. அங்கிருந்து போனால் மலையை அடியிலிருந்தே காலால் அளக்க வேண்டும்.

1344 இல் இங்கே வந்த இப்னு பதூதா இரண்டு பாதைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒன்று ஆதாமின் பேரில், மற்றது ஏவாளின் பேரில். ஏவாளின் பாதை சுலபமானது. அதனால் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே மக்கள் எண்ணுவதில்லையாம். அவ்வளவு கடுமையாக நான் சொல்ல மாட்டேன். சிவனுடைய பாதத்துக்கு எந்த வழியால் போனாலும் போனதுதான்.

தைப்பூசம் கழிந்த கையோடு நானும் பக்கத்து வீட்டு அண்ணாவும் புறப்பட்டோம். கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலில் பூசை பார்த்து, விபூதியை மடித்து எடுத்துக்கொண்டு, புறக்கோட்டையில் பஸ் ஏறினோம். அவிசாவளை, இரத்தினபுரி, பிறகு கிலிமலை. யாத்திரிகர்களின் சாப்பாட்டுக்கென்று முதலாம் விஜயபாகு மன்னன் இந்தக் கிலிமலை ஊரையே எழுதிவைத்தான் என்று மகாவம்சம் சொல்கிறது. 11ஆம் நூற்றாண்டிலேயே இந்த வழியில் பசித்தவருக்குச் சோறு இருந்திருக்கிறது என்று நினைத்தபோது மனம் நிறைந்தது.

இரவு பலாபத்தலயில் தங்கி, விடியமுன் நடக்கத் தொடங்கினோம். முதலில் தேயிலைத் தோட்டங்கள், பிறகு காடு. காட்டுக்குள் நுழைந்ததும் வெக்கை. காற்று அசையவில்லை, சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. படிகள் ஒரே அளவில் இல்லை. சில முழங்கால் உயரம், சில இடத்தில் வெறும் பாறையும் வேரும். ஈரமான இடமெல்லாம் அட்டை. சவர்க்காரத்தைக் காலில் தடவிக்கொண்டு போனதால் ஓரளவு தப்பினோம். நீலிஹெலவில் சிங்கள யாத்திரிகர் கூட்டமொன்று பள்ளத்தைப் பார்த்து நீலியைக் கூப்பிட்டது. அங்கே விழுந்து இறந்த பெண்ணின் பெயராம் அது. எதிர்ப்பக்கத்திலிருந்து அந்தப் பெயர் திரும்பி வந்தது. இறங்கி வந்தவர்கள் எங்களைப் பார்த்து, இந்த மலையில் யாத்திரிகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் வாழ்த்தாக "கருணாவை" என்றார்கள், நாங்களும் "கருணாவை" என்றோம்.

மத்தியானத்துக்குப் பிறகு தொடை நடுங்கத் தொடங்கியது. ஒரு பாறையில் சாய்ந்தேன்.

"தம்பி, இருந்திடாதீங்க. இருந்தா பிறகு எழும்ப ஏலாது. நின்டு மூச்சு விட்டிட்டு வாங்க."

"ஏலுமா அண்ணா, இன்னும் எவ்வளவு?"

"அதைக் கேக்காதீங்க. அவன்ட பேரைச் சொல்லிக்கொண்டு வாங்க."

அடிக்கு ஓர் எழுத்தாக நமசிவாய சொல்லி ஏறினேன். செங்குத்தான இடங்களில் ஐந்தெழுத்துக்கும் மூச்சுப் போதவில்லை. 'சிவ' என்ற இரண்டு மட்டும் நின்றது. நமசிவாய என்ற தூல பஞ்சாட்சரத்தில் தொடங்கி 'சிவ' என்பது வரைக்கும் மந்திரம் சுருங்கிப் போவதைச் சமய பாடத்தில் படித்து, பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் உடம்பு அதைப் படித்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த வேண்டுதல்கள் பல இருந்தன. அம்மாவின் சுகம், தங்கச்சியின் கலியாணம், என் வேலை. அவற்றில் ஒன்றையும் அந்த ஏற்றத்தில் நினைக்க முடியவில்லை. நினைக்காததால் குறையொன்றும் தோன்றவுமில்லை.

குருவிட்டப் பாதையும் வந்து சேரும் ஹெரமிட்டிபானவை அடைந்தபோது இருட்டிவிட்டது. பிளேன்டீயும் றொட்டியும் உள்ளே போனதும் மடத்தில் படுத்தோம். பின்னிரவில் எழும்பி மகாகிரிதம்ப ஏற்றம். இங்கே காற்று வேறு. காது விறைத்தது, கைப்பிடிக் கம்பி பனிக்கட்டி போலக் குளிர்ந்தது. மேலே ஆண்டியமலதென்ன என்றோர் இடம், ஓர் ஆண்டி உயிர்விட்ட இடம் என்று சொல்வார்கள். அண்ணா அங்கே நின்று கொஞ்சம் விபூதியைக் கல்லில் வைத்தார்.

உச்சியில் பாதத்தைத் தொழுதபோது இரண்டு பக்கத்திலும் வெள்ளை உடுத்த பௌத்தர்கள் "சாது, சாது" என்றார்கள். என் வாயில் "சிவ" மட்டும். அடிவானம் சிவந்து சூரியன் வந்ததும் மேற்கே மலையின் நிழல் முக்கோணமாக விழுந்தது. காண்டாமணியை அண்ணா, வந்த தடவைகளுக்கு ஏற்றபடி அடித்தார். முதன்முதலாக ஏறிய நான் ஒரே ஒரு தரம் அடித்தேன்.

இந்தப் பாதையால் போக நினைப்பவர்களுக்கு: பருவகாலம் மார்கழிப் போயாவோடு (பூரணையோடு) தொடங்கி வைகாசி வெசாக் பூரணையோடு முடியும்; சித்திரை மழைக்கு முன் போவது நல்லது. கம்பளிச் சட்டை கட்டாயம். பொலித்தீன் வேண்டாம், களனி கங்கையும் களு கங்கையும் ஊறிவரும் மலை அது. இறங்கும்போது நல்லதண்ணிப் பக்கம் இறங்கினால் முழங்கால் தாங்கும், அட்டனில் ரயிலும் பிடிக்கலாம். நாங்கள் அப்படித்தான் வந்தோம். அடுத்த பருவத்துக்குக் குருவிட்டப் பாதை என்று அண்ணா இப்போதே சொல்லிவிட்டார். அம்மாவை நல்லதண்ணியால் கூட்டிக்கொண்டு போன பிறகு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.