மழை ஓய்ந்த பின் நீச்சல் குளத்தைத் திறப்பதும் குளோரின் கணக்கும்

வடகிழக்குப் பருவமழைக்கு முன் பயன்படுத்தாமல் விட்டுவைத்த வீட்டு நீச்சல் குளத்தை, பொங்கல் கழிந்து வெயில் ஏறத் தொடங்கும்போது மீண்டும் திறப்பது புதுச்சேரியில் குளம் வைத்திருப்போர் பலருடைய வழக்கம். தவளக்குப்பம் பக்கம் உள்ள எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மூன்று நான்கு மாதம் கிடந்த தண்ணீர் பச்சை கட்டியிருப்பதைப் பார்த்ததும் கடைக்குப் போய்க் குளோரின் வாங்கிவந்து, கண்ணளவில் கொட்டிவிட்டு, நிறம் மாறும் வரை மறுபடி மறுபடி கொட்டுவதே எங்கும் நடக்கிறது. அந்த முறையில் பணம் வீணாவதைவிட எனக்குப் பெரிய கவலை, தண்ணீர் எப்போது பிள்ளைகள் இறங்கத் தக்கதாகிறது என்பது கடைசி வரை யாருக்கும் தெரியாமலே போவதுதான். குளோரின் இத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்ற எண் தனியாக நின்றால் எதையும் சொல்லாது. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவையும், வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் சயனூரிக் அமிலத்தின் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும்.

குளோரினைத் தொடுவதற்கு முன் குப்பையை எடுத்துவிட வேண்டும். அடியில் படிந்த வேப்பிலையும் பாதாம் இலையும் சேறும் இருக்கும் வரை, ஊற்றும் குளோரினில் பெரும்பகுதியை அவையே தின்றுவிடும். வலையால் அடிவரை அரித்து எடுத்து, சுவரையும் படிகளையும் பிரஷ்ஷால் தேய்த்து, மணல் வடிகட்டியில் தண்ணீரை எதிர்த்திசையில் ஓடவிட்டுக் கழுவிய பிறகே மற்றவை. எங்கள் குளத்தில் ஆண்டுதோறும் தலைப்பிரட்டைகள் இருக்கும். அவற்றை வாளியில் அள்ளி அருகிலுள்ள குட்டையில் விட்டுவிடுவது என் வழக்கம், ஏனென்றால் குளோரின் விழுந்தபின் அவற்றில் ஒன்றுகூடப் பிழைக்காது. கொசுப்புழுவும் நிறையவே இருக்கும். 1975 முதல் நோய்பரப்பும் கொசுக்களை ஆராய்ந்துவரும் நடுவண் அரசு நிறுவனம் இயங்கும் இந்த ஊரில், தேங்கிய தண்ணீரை மாதக்கணக்கில் திறந்து போட்டுவைப்பதன் கேட்டை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, குளத்தின் கொள்ளளவு. எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரி ஒன்றேகால் மீட்டர் ஆழம் என்றால் 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர். ஒரு பிபிஎம் என்பது ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிராம் என்பதால், இந்தக் குளத்தில் குளோரினை ஒரு பிபிஎம் உயர்த்த 40 கிராம் குளோரின் தேவை. இந்த ஒரு கணக்கைக் குறித்துவைத்துக்கொண்டால் மற்ற எல்லா அளவும் அதிலிருந்தே வந்துவிடும்.

இப்போது பலரும் கவனிக்காமல் விடும் சயனூரிக் அமிலம். கடைக்காரர்கள் இதை ஸ்டெபிலைசர் என்பார்கள். இது இல்லாத தண்ணீரில், நம் ஊர் உச்சி வெயில் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே குளோரினில் ஏறத்தாழ பாதியை அழித்துவிடும். காலையில் ஊற்றியது மதியச் சாப்பாட்டு வேளைக்குள் ஏறக்குறைய தீர்ந்துபோகும். 30 முதல் 50 பிபிஎம் வரை இருந்தால் குளோரின் வெயிலைத் தாங்கும். ஆனால் அதே பொருள் அளவு மீறினால் குளோரினை இறுகப் பிடித்துவைத்துக்கொண்டு கிருமியைக் கொல்ல விடாது. சயனூரிக் அமிலத்தின் அளவில் ஏழரை விழுக்காடாவது குளோரின் எப்போதும் இருக்க வேண்டும் என்பது குளம் பராமரிப்போர் பலர் கைக்கொள்ளும் கணக்கு. அதன்படி அமிலம் 40 என்றால் 3 பிபிஎம் குளோரின் போதும். 100 என்றால் ஏழரை வேண்டும். "ரெண்டு காட்டுது, போதும்" என்று நிம்மதியாக இருப்பவர்களின் குளம் பச்சையாவது இதனால்தான்.

இந்த அமிலம் ஆவியாகாது, வெயிலிலும் குறையாது. பெரும்பாலும் தண்ணீரை மாற்றினால்தான் குறையும். அந்த வேலையை இங்கே மழையே பெருமளவு செய்துவிடுகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் கொட்டியது ஏறக்குறைய அரை மீட்டர் மழை. ஒன்றேகால் மீட்டர் ஆழமுள்ள திறந்த குளத்தில் அவ்வளவு மழை கலந்து வழிந்தால், பழைய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு வரை வெளியேறியிருக்கும். ஆகவே போன கோடையில் அளந்த எண்ணை நம்பி இந்த ஆண்டுக்குக் கணக்குப் போடக் கூடாது. அளப்பது கடினமான வேலையும் அல்ல. குளத்து நீரையும் சோதனைப் பெட்டியில் வரும் வினைப்பொருளையும் சம அளவில் கலந்து குலுக்கிச் சற்று நேரம் விட்டால் கலவை பால்போல் கலங்கும். அடியில் கரும்புள்ளி உள்ள குழாயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மேலிருந்து பார்க்கும்போது புள்ளி எந்தக் கோட்டில் கண்ணுக்கு மறைகிறதோ அதுவே அளவு. வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, குழாய் நம் நிழலில் இருக்கும்படி பிடித்தால் ஆளுக்கு ஆள் எண் மாறாது. குறைவாக இருந்தால் சயனூரிக் அமிலத் தூளைத் துணிப்பையில் கட்டி, தண்ணீர் குளத்துக்குள் வந்து விழும் வாய்க்கு நேரே தொங்கவிட்டுக் கரைக்கலாம். மெதுவாகவே கரையும், சோதனையில் முழு அளவு தெரிய ஒரு வாரம்கூட ஆகும். 40,000 லிட்டரில் 30 பிபிஎம் உயர்த்த 1.2 கிலோ.

பி.எச். அளவைக் குளோரினுக்கு முன்பே சரிசெய்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தண்ணீரில் கரைந்த குளோரின் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அவற்றுள் கிருமியைக் கொல்லும் வேகம் ஹைப்போகுளோரஸ் அமிலத்துக்குத்தான் உண்டு. ஸ்டெபிலைசர் இல்லாத நீரில் பி.எச். 7.5 என்றால் ஏறத்தாழ பாதிக் குளோரின் அந்த வடிவில் இருக்கும். 8 ஆகிவிட்டால் கால் பங்குதான். இரண்டாவது காரணம், குளோரின் 10 பிபிஎம்முக்கு மேல் ஏறிவிட்டால் பி.எச். சோதனைச் சொட்டின் நிறத்தையே நம்ப முடியாது. ஆகவே முதலில் 7.2-க்கு அருகில் கொண்டுவந்துவிட வேண்டும். பம்பு ஓடும்போது, கணக்கிட்ட ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பாதியை மட்டும் ஊற்றி, நன்றாகக் கலந்தபின் மறுபடி அளந்து மிச்சத்தை முடிவுசெய்வது பாதுகாப்பானது.

எந்தக் குளோரின் வாங்குவது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. திறக்கும் நேரத்துக்குத் திரவ சோடியம் ஹைப்போகுளோரைட்தான் ஏற்றது. அது சயனூரிக் அமிலத்தையோ சுண்ணாம்புச் சத்தையோ கூட்டாது. ஆனால் வெயிலில் மாதக்கணக்கில் நின்ற கேனில் வீரியம் பாதிகூட இருக்காது என்பதால், சரக்கு அதிகம் விற்றுத் தீரும் கடையில் புதிதாக வந்ததைக் கேட்டு வாங்க வேண்டும். கால்சியம் ஹைப்போகுளோரைட் துகள் 65 முதல் 70 விழுக்காடு வீரியம் உள்ளது, கைவசம் வைக்க வசதியானது. ஆனால் கடலோர ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் ஏற்கெனவே கடினமானது, அதில் மேலும் கால்சியத்தைச் சேர்த்தால் ஓடுகளில் வெள்ளைப் படிவு கட்டும். சாதாரண பிளீச்சிங் பவுடரின் சுண்ணாம்பு வண்டல் குளத்தடியில் தங்கிவிடும். வீட்டுக் குளத்துக்கு அது வேண்டாம்.

40,000 லிட்டரில் சயனூரிக் அமிலம் 30 பிபிஎம் இருந்தால், பாசியை அழிக்கக் குளோரினை 12 வரை ஏற்ற வேண்டும்: 480 கிராம், அதாவது பத்து விழுக்காடு திரவத்தில் ஏறத்தாழ ஐந்து லிட்டர். பொழுது சாய்ந்தபின் பம்பை ஓடவிட்டு, குளத்தைச் சுற்றி நடந்தபடி ஊற்றலாம். ஊற்றியதும் தண்ணீர் பழுப்பாகவோ தேநீர் நிறத்திலோ மாறினால் அது பாசி அல்ல, இரும்பு. காலாப்பட்டு, ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேட்டுக்கு அடியிலுள்ள கடலூர் மணற்கல் இரும்பு கலந்தது. அங்கே கிணற்றுத் தண்ணீரை நிரப்புகிறவர்கள் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். மேலும் குளோரின் ஊற்றி அதைப் போக்க முடியாது. வடிகட்டியால்தான் பிடிக்க வேண்டும்.

அளக்க மஞ்சள் நிறம் காட்டும் பழைய சொட்டு மருந்து போதாது. அது வேலைசெய்யும் குளோரினையும், அழுக்கோடு பிணைந்து செயலிழந்த குளோரினையும் சேர்த்தே காட்டும். கண்ணை எரிக்கும் அந்த வாடையும் பிணைந்த குளோரினிலிருந்துதான் வருகிறது. டிபிடி என்ற சோதனைத் தூள் போட்டால் நீர் இளஞ்சிவப்பாகும். பிறகு அதற்குரிய வேறொரு சொட்டு மருந்தை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க, நிறம் வெளுத்துக்கொண்டே வந்து சட்டென்று தெளியும். பத்து மில்லிலிட்டர் மாதிரி நீரில் ஒரு சொட்டுக்கு அரை பிபிஎம். நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் வகையில் ஓர் ஆபத்து உண்டு: குளோரின் மிக அதிகமானால் சாயமே வெளுத்து, குளோரின் இல்லாததுபோல் தோன்றும். அதை நம்பி மேலும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஊற்றிய குளோரின் பத்து நிமிடத்தில் பாதிக்கு மேல் காணாமல் போனால் தண்ணீரில் அம்மோனியா சேர்ந்திருக்கிறது என்று பொருள். பயன்படாமல் கிடந்த குளத்தில் சில பாக்டீரியா சயனூரிக் அமிலத்தையே அம்மோனியாவாகச் சிதைத்துவிடுவதுண்டு. அப்போது பொறுமையாக, சிறுகச் சிறுக ஊற்றி, குளோரின் நிலைக்கும் வரை தொடர்வதே வழி.

எங்கள் குளத்தைச் சுத்தம் செய்ய வரும் இளைஞர் ஒருமுறை, "சார், தண்ணி பளிச்சுனு ஆயிடுச்சு, இன்னிக்கே பிள்ளைங்கள விட்டுடலாமா?" என்று கேட்டார். "பொறு தம்பி, ராத்திரி போகட்டும்" என்றேன். தெளிவு மட்டும் போதாது. பொழுது சாய்ந்தபின் அளந்து, மறுநாள் சூரியன் எழுமுன் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். வெயில் இல்லாத அந்நேரத்தில் குளோரின் ஒரு பிபிஎம்முக்கு மேல் குறைந்தால் அதைத் தின்ன இன்னும் ஏதோ உயிரோடு இருக்கிறது. குறைவு ஒன்றுக்குள்ளும், பிணைந்த குளோரின் அரை பிபிஎம்முக்குள்ளும் வந்து, அடித்தரை தெளிவாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகும் குளோரின் 4-க்குக் கீழே இறங்கும் வரை நான் எவரையும் தண்ணீரில் விடுவதில்லை.

இவற்றை வைக்கும் இடத்தில் கண்டிப்பு வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். ட்ரைகுளோர் எனப்படும் குளோரின் மாத்திரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றுக்குப் பயன்படுத்திய கரண்டியை மற்றொன்றில் விடக் கூடாது. துகளைக் கரைக்கும்போது வாளித் தண்ணீரில் துகளைப் போட வேண்டுமே தவிர, துகளின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

கோடை முழுவதும் மிதவையில் மாத்திரை போட்டுவிடலாமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு: மாத்திரை தரும் ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினோடும் 6 பிபிஎம் சயனூரிக் அமிலம் சேர்கிறது. நாளுக்கு 2 பிபிஎம் செலவாகும் குளத்தில் இரண்டே மாதத்தில் அமிலம் 70-க்கு மேல் கூடியிருக்கும். ஊருக்குப் போகும் வாரங்களுக்கு மட்டும் மாத்திரை, மற்ற நாளெல்லாம் மாலையில் திரவக் குளோரின், மாதம் ஒருமுறை கரும்புள்ளிக் குழாயில் அமிலச் சோதனை என்று வைத்துக்கொண்டால், அடுத்த மழை வரை தண்ணீரை மாற்ற வேண்டியிராது.