வீலைக் கழற்றி மாட்டியதும் முன் பிரேக் உரசுகிறதா? அரத்தை எடுக்கும் முன் படிக்கவும்

முன் வீலைக் கழற்றி மாட்டிய பிறகு பிரேக் உரசினால், யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் இதுதான்: "ஷூவை லேசா அரம் போட்டு விட்டா சரியாயிடும்." தயவுசெய்து யாரையும் அரம் போட விடாதீர்கள். கழற்றும் வரை உரசாமல் ஓடிக்கொண்டிருந்த ஷூ, மாட்டியதும் எப்படித் தடித்துப் போகும்? இந்தக் கேள்வியைக் கேட்ட இடத்தில் எல்லாம் எனக்குச் சிரிப்புதான் கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை.

என்னுடையது எழுபதுகளில் வந்த மோட்டார் சைக்கிள். முன்னால் டிரம் பிரேக்: ஹப்போடு சுற்றும் டிரம், அதற்குள் விரிந்து அழுத்தி நிறுத்தும் இரண்டு ஷூ, அவற்றைத் தள்ள இரண்டு கேம் (ட்வின் லீடிங் ஷூ வகை). ஷூவும் கேமும் உட்கார்ந்திருப்பது, டிரம்மை மூடி நிற்கும் சுற்றாத பிளேட்டில். டயரை மாற்றி, அப்படியே வீல் பேரிங்கைக் கழுவி கிரீஸ் வைத்துத் தரச் சொல்லி விட்டிருந்தேன். திரும்ப வாங்கித் தள்ளும்போதே முன்பக்கம் கனத்தது. ஓட்டினால் அடியில் "ஸ்ஸ்ஸ்" என்று விடாத இரைச்சல். பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, ஹப் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சீறிக்கொண்டு ஆவியாகிவிட்டது. கையால் தொட்டுப் பார்க்காதது நல்லதாகப் போயிற்று.

மாட்டிக் கொடுத்தவரிடமே திரும்பப் போனேன். "புது டயர் இல்லையா அண்ணே, கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும். ஓட ஓட விட்டுடும்" என்றார். புது டயருக்கும் பிரேக் டிரம்முக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இன்னொரு மெக்கானிக் கேபிள் அட்ஜஸ்டரைத் திருகிக்கொண்டே போனார். லீவர் கைப்பிடியை முட்டும் அளவுக்குத் தொளதொளத்துவிட்டது, பிரேக் சுத்தமாகப் போய்விட்டது, உரசல் மட்டும் அப்படியே இருந்தது. அதோடு அவர் அரத்தைத் தேட ஆரம்பித்தார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆனால் அவர் தெரியாமலேயே ஒரு நல்ல சோதனையைச் செய்துகொடுத்திருந்தார். கேபிளை முழுக்கத் தளர்த்தியும் உரசுகிறது என்றால் கேபிள் குற்றவாளி இல்லை. வீலை மாட்டியதும் உரசல் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான், அது சரி. பழைய அட்ஜஸ்ட்மெண்டிலேயே மாட்டியிருப்பார்கள், அல்லது ஹேண்டிலைத் திருப்பும்போது கேபிள் எங்கேயோ சிக்கி இழுக்கும். ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிக்கொண்டே வீலைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் பிடித்தால் கேபிள் போகும் வழியைப் பார்த்தால் போதும். எனக்கு அப்படி இல்லை.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜின் அடியில் மரக்கட்டை வைத்து முன் வீலைத் தூக்கினேன். கேபிளையே கழற்றிவிட்டேன். இரண்டு கேம் ஆர்மும் ஸ்பிரிங் இழுத்து முழுக்கப் பின்னால் போய் நிற்கின்றன. கையால் அசைத்தால் இலகுவாக வந்து, விட்டதும் திரும்புகின்றன. கேம் காய்ந்துபோய்ப் பிடித்துக்கொள்வது பழைய வண்டிகளில் சகஜம், ஆனால் இங்கே அதுவும் இல்லை. வீலைச் சுற்றினால் அதே ஸ்ஸ்ஸ்.

இந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை "சக்... சக்" என்று வந்தால் சுற்றுகிற பொருளில் கோளாறு: டிரம் வட்டம் பிசகியிருக்கலாம், ஸ்போக் இழுவை சமமில்லாமல் ஹப்பை இழுத்திருக்கலாம். சுற்று முழுவதும் ஒரே சீராக வந்தால் நிற்கிற பொருளில் கோளாறு: பிளேட், ஷூ, கேம். என்னுடையது இரண்டாவது ரகம். அதோடு அது ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் உரசும் மெத்தென்ற சத்தம் இல்லை. உலோகத்தோடு உலோகம் தேயும் சத்தம். அரம் போடச் சொன்ன யாரும் இதைக் கேட்கவே இல்லை.

அடுத்த சோதனைதான் முடிச்சை அவிழ்த்தது. ஃபோர்க் அடியில் ஆக்ஸிலைக் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டையும் ஆக்ஸில் நட்டையும் தளர்த்திவிட்டு வீலைச் சுற்றினேன். சத்தமில்லாமல் சுற்றியது! நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே சுற்றினால், முக்கால்வாசி இறுகும்போது உரசல் ஆரம்பிக்கிறது, முழுக்க இறுகியதும் வீல் சோர்ந்து நின்றுவிடுகிறது. இப்படி இருந்தால் பிரேக்கை மறந்துவிடுங்கள். ஆக்ஸில் மேல் வரிசையாகக் கோத்திருக்கும் சாமான்களில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது, இடம் மாறியிருக்கிறது, அல்லது சரியாக உட்காரவில்லை.

ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது உண்மையில் நாம் எதை இறுக்குகிறோம்? ஒரு ஃபோர்க் கால், பிரேக் பிளேட், ஸ்பேசர் புஷ் (இடைவெளி காக்கும் குட்டை உலோகக் குழாய்), பேரிங்கின் உள்வளையம், ஹப்புக்குள் இருக்கும் நீளக் குழாய், மறுபக்கப் பேரிங்கின் உள்வளையம், இன்னொரு ஸ்பேசர், மறு ஃபோர்க் கால். இத்தனையும் ஒன்றை ஒன்று முட்டி ஒரே தடியாக இறுகி நிற்க வேண்டும், ஹப் மட்டும் பேரிங்கில் சுற்ற வேண்டும். நடுக் குழாயை மறந்து மாட்டினால் பேரிங்குகள் பக்கவாட்டில் நசுங்கிச் சீக்கிரமே செத்துப்போகும். பிளேட் பக்கத்து ஸ்பேசர் குட்டையாகிவிட்டால் பிளேட் உள்ளே போய் ஹப்பை முட்டும்.

வீலைக் கழற்றினேன். பிளேட்டின் வெளி விளிம்பைச் சுற்றி, பழைய கறுத்த அலுமினியத்தில் நகக்கணு அகலத்துக்குப் பளபளவென்று புதிதாக ஒரு வட்டம். ஹப்பின் காடியிலும் அதே வட்டம், அதில் அலுமினியப் பொடி சாம்பல் நிறத்தில் கிரீஸோடு குழைந்து கிடந்தது. ஷூக்கள் இரண்டும் உரசலின் சுவடே இல்லாமல் உட்கார்ந்திருந்தன. அவற்றைத்தான் ராவச் சொன்னார்கள்.

ஸ்பேசர் இரண்டும் இருந்தன. எதுவும் தொலையவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்: ஒரே விட்டம், ஒரே துளை. வெர்னியர் வைத்தால் நீளத்தில் 3 மி.மீ. வித்தியாசம். குட்டையானது பிளேட் பக்கம் இருந்தது. ஆயில் சீல் (கிரீஸ் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) உள்ள மறுபக்கத்தில் நீளமானது. எது எந்தப் பக்கம் என்பதற்கு ஸ்பேசரே சாட்சி சொன்னது. சீலின் உதடு வருஷக்கணக்காக உரசியதில் குட்டை ஸ்பேசரின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு வளையம் விழுந்திருந்தது. சீல் இருப்பது ஒரு பக்கம் மட்டும்தான். அந்த வளையம் உள்ள ஸ்பேசர், சீலே இல்லாத பிளேட் பக்கம் எப்படி வந்தது? பேரிங் கழுவியபோது இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டு, திரும்ப எடுக்கும்போது கைக்கு வந்ததைக் கோத்திருக்கிறார்கள். உதிரிபாகப் படத்திலும் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்றால், இரண்டையும் இடம் மாற்றினாலும் மொத்த நீளம் மாறாது. ஃபோர்க்கில் இடைவெளி தெரியாது, நட்டு சரியாக இறுகும், ஆக்ஸில் முனை வழக்கமான இடத்தில் நிற்கும். ஒரே ஒரு தடயம் வெளியே தெரிந்துகொண்டுதான் இருந்தது: டயருக்கும் ஃபோர்க் காலுக்கும் நடுவே ஒரு பக்கம் விரல் தாராளமாக நுழைந்தது, மறுபக்கம் இடித்தது. வீலே 3 மி.மீ. நகர்ந்தால் இரண்டு பக்க இடைவெளிக்கும் 6 மி.மீ. வித்தியாசம் வரும். வண்டியைக் கையில் வாங்கும்போது இரண்டு பக்கமும் விரலை விட்டுப் பார்க்க அரை நிமிஷம்கூட ஆகாது.

உள்ளே திறந்ததும் ஒரு விஷயம்: டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஏர் அடித்தோ வாயால் ஊதியோ சுத்தம் செய்யாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

ஸ்பேசர்களைப் பக்கம் மாற்றிக் கோத்தேன். உலோக உரசல் அந்த நிமிஷமே போய்விட்டது. ஆனால் கேபிளை மாட்டி அட்ஜஸ்ட் செய்ததும் இன்னொரு மெல்லிய உரசல், இந்த முறை லைனிங் சத்தம். இதற்குப் பயப்பட வேண்டாம். பிளேட்டின் துளைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே மயிரிழை விளையாட்டு உண்டு. நட்டை இறுக்கும் நேரத்தில் பிளேட் எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும், ஒரு ஷூ டிரம்மின் பக்கம் சாய்ந்திருக்கும். நட்டைத் தளர்த்தி, வீலை ஒரு சுற்று விட்டு, பிரேக் லீவரை முழு பலத்தோடு பிடித்து, பிடித்தபடியே நட்டை இறுக்க வேண்டும். ஷூக்கள் விரிந்து டிரம்மை அழுத்தும்போது பிளேட் தானாக நடுவுக்கு வந்துவிடும். ஆள் இல்லாவிட்டால் லீவரை ட்யூப் ரப்பரால் கைப்பிடியோடு இழுத்துக் கட்டிவிடலாம், நான் அப்படித்தான் செய்தேன். சத்தம் போய்விட்டது. இந்த ஒரு வேலையைச் செய்யாததால் மட்டுமே உரசுகிற வண்டிகள் எத்தனையோ இருக்கும்.

நட்டை இறுக்கும் முன் கட்டாயம் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பிளேட்டின் காடி ஃபோர்க்கில் உள்ள கட்டையில் உட்கார்ந்திருக்கிறதா, அல்லது டார்க் ஆர்ம் (பிளேட் சுற்றாமல் பிடிக்கும் கம்பி) உள்ள வண்டி என்றால் அதன் போல்ட் மாட்டியிருக்கிறதா என்று. இதை விட்டுவிட்டு ஓட்டினால், பிரேக் பிடித்ததும் பிளேட்டே வீலோடு சேர்ந்து சுற்றி, கேபிளைப் பிய்த்து, வீலைப் பூட்டிவிடும். ஆளைக் கொல்லும் தவறு இது. இன்னொன்று ஸ்பீடோமீட்டர் கியர். சில வண்டிகளில் பிளேட்டுக்குள்ளும், சிலவற்றில் எதிர்ப்பக்கம் தனிப் பெட்டியாகவும் இருக்கும். அதன் காதுகள் ஹப்பின் பள்ளத்தில் விழாமல் மேலே நின்றால், இறுக்கும்போது அவை வளையும், வீலும் பிடிக்கும். கையால் திருப்பித் திருப்பி, "டக்" என்று விழுந்ததா என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள்.

நட்டுக்குப் பிறகுதான் பிஞ்ச் போல்ட், அதுவும் உடனே வேண்டாம். வண்டியைக் கீழே இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை நாலைந்து முறை அமுக்கி எழுப்பினால் ஃபோர்க் கால் ஆக்ஸிலில் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அப்புறம் இறுக்கலாம். அவசரப்பட்டு முதலிலேயே இறுக்கினால் ஃபோர்க் கால்கள் இழுத்துக்கொண்டு நிற்கும், சஸ்பென்ஷன் விறைத்துக்கொள்ளும். நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின் புதிதாகப் போடுங்கள், பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள்.

இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் டிரம்மைத் தொடும்படி, கேம் ஆர்ம் இரண்டையும் இணைக்கும் நடுக் கம்பியைச் சரிசெய்து, லீவர் முனையில் சுமார் 20 மி.மீ. ப்ளே விட்டேன். அதில் சிக்கல் எதுவும் இல்லை.

மறுபடி ஓட்டிப் பார்த்துத் தண்ணீர் விட்டேன். சொட்டு அப்படியே வழிந்து கீழே ஓடியது. ஸ்பேசர் இரண்டையும் கழற்றி வைத்திருந்தபோது ஆணியால் கீறி அடையாளம் போட்டுவிட்டேன், பிளேட் பக்கத்துக்கு ஒரு கோடு, சீல் பக்கத்துக்கு இரண்டு. மாட்டிக் கொடுத்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே?" என்றார். வெர்னியரை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

இன்னும் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை மிக லேசாக ஒரு "சக்" இருக்கிறது. சாக்பீஸ் வைத்துப் பார்த்ததில் எப்போதும் டிரம்மின் ஒரே இடத்தில்தான் வருகிறது, ஹப் சூடாகவில்லை, லீவரிலும் துடிப்பு தெரியவில்லை. இத்தனை வயதான டிரம் இந்த அளவுக்கு வட்டம் பிசகியிருப்பது பெரிய குறை இல்லை. கடைசலில் கொடுத்தால் போய்விடும்தான், ஆனால் டிரம்முக்கு அதிகபட்ச விட்டம் என்று ஓர் எல்லை இருக்கிறது, அதை ஒரு சக்குக்காகச் செலவழிக்க மனசில்லை. அடுத்து ஷூ மாற்றும்போது அளந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.